ஒரே தூசி, மூன்று நோய்: செல் சமிக்ஞை ஆய்வு பீங்கான் தொழிலுக்குச் சொல்வது

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கொலு பொம்மை செய்தாலும், அகல் விளக்கு செய்தாலும், மின்சார ஃபியூஸ் கேரியர் செய்தாலும் அடிப்படையான சரக்கு மூன்றுதான்: வெண்களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ். நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் களிமண்தான் இந்தத் தொழில் இங்கே வேர்விடக் காரணம். பிறகு தொழிற்பேட்டை வந்தது, பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிலையமும் வந்தது. மரபான பீங்கான் கலவையில் ஏறக்குறையப் பாதி களிமண், கால் பங்கு பெல்ஸ்பார், கால் பங்கு குவார்ட்ஸ். களிமண் உருவம் தருகிறது. பெல்ஸ்பார் சூளையில் உருகி மற்றவற்றைப் பிணைக்கிறது. குவார்ட்ஸ் உருவம் சரிந்துவிடாமல் தாங்குகிறது.

அந்தக் குவார்ட்ஸ், நம் கிராமங்களில் வெங்கச்சங்கல் என்று வழங்கும் வெள்ளைக் கல்தான். வேதியியலில் அது படிக சிலிக்கா. கல்லாகவோ மணலாகவோ கிடக்கும்வரை அதனால் யாருக்கும் தீங்கில்லை. ஐந்து மைக்ரானுக்கும் குறைவான தூளாகிக் காற்றில் மிதக்கும்போது அதன் குணம் மாறுகிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசியே ஆபத்தானது என்பது விளங்கும். பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கிவிடும்.

இந்த ஒரே தூசி மூன்று நோய்களோடு தொடர்புடையது. முதலாவது, நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் சிலிக்கோசிஸ். இரண்டாவது, நுரையீரல் புற்றுநோய். மூன்றாவது பலர் கேள்விப்படாதது: தோல் தடித்து இறுகிப்போகும் ஸ்கிளிரோடெர்மா. மூச்சோடு போன தூசி கை விரல் தோலை எப்படி இறுக்கும்? ஒரு கல் துகள் புற்றுக்கு எப்படி வழிவிடும்? செல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை ஆராயும் செல் சமிக்ஞை இயல், கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் கேள்விகளுக்குப் பெருமளவு விடை கண்டிருக்கிறது. அந்த விடைகள் பீங்கான் தொழில் நடக்கும் ஒவ்வொரு ஊருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

பட்டறையில் தொடங்கிய அறிவு

சிலிக்கோசிஸை முதலில் கண்டுகொண்டவர்கள் ஆய்வகத்தார் அல்லர், தொழில் செய்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்கள், பாத்திரம் வெண்மையாக வரவேண்டும் என்பதற்காகச் சுட்ட தீக்கல்லை இடித்துக் களிமண்ணோடு கலக்கத் தொடங்கினார்கள். தீக்கல் முழுக்க முழுக்கச் சிலிக்காதான். இடித்தவர்கள் இருமி இளைத்து மாண்டார்கள். தாமஸ் பென்சன் என்பவர் 1726-இல் தீக்கல்லைத் தண்ணீரில் நனைத்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தூசி நுரையீரலை எப்படிக் கெடுக்கிறது என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே, ஈரம் தூசியை அடக்கும் என்ற தீர்வு பட்டறைக்கு வந்துவிட்டது. இன்று பால் மில் (ball mill) எனும் அரவை இயந்திரத்தில் தண்ணீர் விட்டு அரைப்பதும் அதே வழிதான்.

தோல் நோய்க்கும் தூசிக்கும் உள்ள தொடர்பு புலப்பட நெடுங்காலம் ஆயிற்று. எடின்பரோ மருத்துவர் பைரம் பிராம்வெல் 1914-இல் ஸ்கிளிரோடெர்மா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்த நோயாளிகளில் கல்தச்சர்கள் பலர் இருந்தது அவர் கவனத்தில் பட்டது. சில்லிட்ட உளியை நாள் முழுக்கப் பிடித்திருப்பதுதான் காரணமாக இருக்கும் என்று அவர் எண்ணினார். 1957-இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதே நோயைக் கண்டு எராஸ்மஸ் என்ற மருத்துவர் பதிவு செய்தார். அந்தச் சுரங்கப் பாறையிலும் குவார்ட்ஸ் மிகுதி. உளியின் குளிர் காரணமல்ல, கல்லின் தூசிதான் காரணம் என்ற முடிவுக்கு மருத்துவம் மெல்ல வந்து சேர்ந்தது. சிலிக்கா தூசியோடு சேர்ந்து வரும் ஸ்கிளிரோடெர்மாவுக்கு எராஸ்மஸ் நோய்க்குறித் தொகுதி என்றே பெயர். முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களும் சிலிக்கா தூசியில் வேலை செய்தவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

எல்லாமே புறச் சான்றுகள். தூசி உள்ளே போனது, நோய் வெளியே வந்தது. நடுவே என்ன நடந்தது என்பதற்கு விடை இல்லாமல் இருந்தது.

செல்லுக்குள் எழும் அபாய அறிவிப்பு

நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்கள் உலவுகின்றன. பாக்டீரியா, தூசி, இறந்த செல் எதுவானாலும் விழுங்கிச் செரிப்பது இவற்றின் வேலை. விழுங்கியது ஒரு பைக்குள் அடைபடும். லைசோசோம் என்ற செரிமானப் பை அதோடு இணையும். அமிலமும் நொதிகளும் உள்ளிருப்பதைக் கரைக்கும். சிலிக்கா கரையாது. தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைப் போல அது பையின் சவ்வைக் குத்திக் கிழிக்கிறது. நொதிகள் செல்லுக்குள் கொட்டுகின்றன.

இந்தச் சிதைவைச் செல் எப்படி உணர்கிறது என்பதற்கு விடை சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து வந்தது. அங்கே பணியாற்றிய உயிர்வேதியியலாளர் யூர்க் சோப் 2002-இல் தம் குழுவினரோடு, செல்லுக்குள் அபாயத்தைக் கண்டதும் ஒன்றுகூடும் ஒரு புரதக் கூட்டமைப்பை விவரித்து, அதற்கு இன்ஃப்ளமசோம் என்று பெயரிட்டார். இந்தக் கூட்டமைப்பு கூடியதும் காஸ்பேஸ்-1 என்ற நொதி விழிக்கிறது. அது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் புரதத்தை வெட்டிச் செயல்படும் வடிவுக்குக் கொண்டுவருகிறது. அந்தத் தூது செல்லை விட்டு வெளியேறி, அக்கம்பக்கத்துச் செல்களை எல்லாம் எழுப்புகிறது. மூட்டுவாத நோயான கௌட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் இதே வழியைத் தூண்டுகின்றன என்பதை 2006-இல் சோப்பின் குழு காட்டியது.

சிலிக்காவின் புதிர் அவிழ்ந்த ஆண்டு 2008. அந்த ஓராண்டில் மூன்று குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. கல்நாரும் சிலிக்காவும் என்.எல்.ஆர்.பி.3 என்ற இன்ஃப்ளமசோம் வழியாகவே அழற்சியைத் தூண்டுகின்றன என்று சோப்பின் குழு கண்டது. விழுங்கிய பையின் சிதைவுதான் அந்தத் தூண்டுதலின் தொடக்கம் என்பதை ஐக்கே லாட்ஸ் வழிநடத்திய குழு காட்டியது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஃபயாஸ் சுத்தர்வாலாவின் குழு, என்.எல்.ஆர்.பி.3 புரதம் இல்லாத எலிகளுக்குச் சிலிக்கா தூசியைச் செலுத்திப் பார்த்தது. அவற்றின் நுரையீரலில் அழற்சியும் தழும்பும் மற்ற எலிகளைவிடக் குறைவாகவே இருந்தன. கல்லின் கூர்மை மட்டுமே நுரையீரலைக் கெடுக்கிறது என்ற பழைய எண்ணம் அதோடு போயிற்று. கல்லைக் கண்டதும் செல் எழுப்பும் சமிக்ஞைதான் கெடுதலின் பெரும்பகுதியைச் செய்கிறது.

இந்தச் சமிக்ஞையின் கொடுமை, அது ஓய்வதே இல்லை என்பது. பாக்டீரியாவை எதிர்த்து எழும் அழற்சி, பாக்டீரியா அழிந்ததும் தணியும். சிலிக்காவை விழுங்கிய மேக்ரோஃபேஜ் செத்துவிடும். துகள் அழியாமல் வெளியே விழும். அதை அடுத்த மேக்ரோஃபேஜ் விழுங்கும். மீண்டும் அதே கதை. பட்டறை வேலையை விட்டுப் பத்து ஆண்டு ஆன பிறகும் நோய் முற்றிக்கொண்டே போவதன் காரணம் இதுதான்.

துகளின் மேற்பரப்பும் களிமண்ணும்

எல்லாச் சிலிக்கா தூசியும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பணியாற்றிய வால் வல்லியாதன், நரேஷ் தலால் முதலிய இந்திய வம்சாவளி ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, அப்போதுதான் உடைந்த குவார்ட்ஸின் பரப்பில் வினைத்திறன் மிக்க தனி உறுப்புகள் உருவாவதைக் காட்டியது. இவை செல்லின் சவ்வையும் டி.என்.ஏ.வையும் தாக்கவல்லவை. நாளாக ஆக இவற்றின் வீரியம் குறைகிறது. ஆகவே பழைய மணலைவிட, இப்போது அரைத்த தூளுக்கு அருகே நிற்பவருக்கே ஆபத்து அதிகம்.

பீங்கான் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான சான்று சீனாவிலிருந்து வந்தது. வெள்ளீயச் சுரங்கத்தாரையும், டங்ஸ்டன் சுரங்கத்தாரையும், பீங்கான் தொழிலாளர்களையும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஏறக்குறைய ஒரே அளவு சிலிக்காவைச் சுவாசித்தும் பீங்கான் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணம் புரிந்தது. களிமண்ணில் உள்ள அலுமினோ சிலிக்கேட் படலம் குவார்ட்ஸ் துகளின் பரப்பைப் பெருமளவு மூடியிருந்தது. மூடிய பரப்பைச் செல் எதிரியாகக் காண்பதில்லை.

இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே ஆய்வில் பீங்கான் தொழிலாளர்களுக்கும் சிலிக்கோசிஸ் வந்தது. படலம் நோயைத் தாமதப்படுத்துகிறது, தடுப்பதில்லை. நுரையீரலுக்குள் பல ஆண்டு கிடக்கும்போது அந்தப் படலம் தேய்ந்துபோகவும் கூடும். மேலும், களிமண்ணோடு சேராத வெறும் குவார்ட்ஸ் தூளைக் கையாளும் இடங்களில் இந்தப் பாதுகாப்புக்கே வழியில்லை. மூட்டையைப் பிரித்து மில்லில் கொட்டும் இடம் அப்படிப்பட்டது. சூளையின் பழைய உள்செங்கற்களைப் பெயர்க்கும் வேலை அதைவிட மோசம். மிகுந்த வெப்பத்தில் நீண்ட காலம் இருந்த சிலிக்கா, கிரிஸ்டோபலைட் என்ற மற்றொரு படிக வடிவத்துக்கு மாறியிருக்கும். அதற்கு இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த உச்சவரம்பு, குவார்ட்ஸுக்கு வைத்ததில் பாதி.

தழும்பின் இழை: சென்னை கண்ட கொலாஜன்

அழற்சித் தூது கிடைத்ததும் அடுத்து விழிப்பவை நாரிழைச் செல்கள். காயம் ஆறும்போது தழும்பை நெய்வது இவற்றின் பணி. மேக்ரோஃபேஜ்கள் வெளியிடும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி, இந்தச் செல்களின் சவ்வில் உள்ள ஏற்பியில் போய் அமர்கிறது. ஏற்பி உள்ளே இருக்கும் ஸ்மாட் புரதங்களைத் தூண்ட, அவை உட்கருவுக்குள் சென்று கொலாஜன் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. நாரிழைச் செல் தசைத் தன்மை பெற்று, சுற்றியுள்ள திசுவை இழுத்துச் சுருக்கவும் தொடங்குகிறது. காயம் ஆறியதும் நிற்க வேண்டிய இந்த வேலை, தூசி தங்கிய நுரையீரலில் நிற்பதே இல்லை.

சிலிக்கோசிஸ் முடிச்சிலும் ஸ்கிளிரோடெர்மா தோலிலும் குவிவது இந்தக் கொலாஜன்தான். அதன் அமைப்பு முதலில் விளங்கியது சென்னையில். மெட்ராஸ் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக 1952-இல் பொறுப்பேற்ற ஜி.என். ராமச்சந்திரன், பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி. பெர்னல் வந்தபோது நடந்த உரையாடலால் கொலாஜன் பக்கம் திரும்பினார். அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மாதிரிகள் கிடைத்தன. கங்காரு வால் தசைநாண் அவற்றில் ஒன்று. எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இலும் 1955-இலும் நேச்சர் இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய சுருள் அது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றில் ஓர் இடம் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலத்துக்கு. சுருளின் நடுவே வேறெதற்கும் இடமில்லை. இந்த முறுக்குதான் தோலுக்கும் எலும்புக்கும் வலிமை தருகிறது. தேவையில்லாத இடத்தில் குவியும்போது எளிதில் கரையாமல் நுரையீரலை இறுக்குவதும் அதே வலிமைதான்.

மூச்சில் போனது தோலில் வருவது

ஸ்கிளிரோடெர்மா பெரும்பாலும் கைகளில் தொடங்கும். குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பின் சிவக்கும். நாளடைவில் விரல் தோல் தடித்துப் பளபளக்கும். மடக்கி நீட்டுவது கடினமாகும். முகத் தோல் இறுகி வாய் திறக்கும் அளவு குறையும். பலருக்கு நுரையீரலும் உணவுக்குழாயும் பாதிக்கப்படும். பொதுவாக ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வரும் நோய் இது. ஆண் ஒருவருக்கு வந்தால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று மருத்துவர் கட்டாயம் கேட்க வேண்டும் என்பதற்கு எராஸ்மஸ் காலத்திலிருந்தே சான்று இருக்கிறது. பட்டறைகளில் பெண்களும் வேலை செய்கிறார்கள். பெண்ணுக்கு வருவது இயல்புதானே என்று தொழிலைக் கேட்காமல் விட்டுவிடும் ஆபத்து அங்கே இன்னும் அதிகம்.

நுரையீரலில் தங்கிய துகள் தோலை எட்டுவது நோயெதிர்ப்பு மண்டலத்தின் வழியாக. சிலிக்காவால் செத்து வெடிக்கும் செல்களின் உட்கருப் பொருள்கள் சிதறி, நோயெதிர்ப்புச் செல்களின் கண்ணில் படுகின்றன. ஓயாத அழற்சிச் சூழலில் அவை எதிரிகளாகப் பதிவாகிவிடுகின்றன. உடல் தன் புரதங்களுக்கு எதிராகவே எதிர்பொருள்களை உருவாக்கத் தொடங்குகிறது. டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்க்கும் டோபோஐசோமரேஸ் என்ற நொதிக்கு எதிரான எதிர்பொருள் ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுகிறது. இரத்தத்தில் சுற்றும் இந்தக் கலகத்தோடு டி.ஜி.எஃப்-பீட்டாவும் சேரும்போது, தோலின் நாரிழைச் செல்களும் கொலாஜனை நெய்யத் தொடங்குகின்றன. உறுப்பு வேறு, சமிக்ஞை ஒன்று.

புற்றுக்கான பாதை

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தொழிலிடத்தில் சுவாசிக்கப்படும் படிக சிலிக்காவை 1997-இல் மனிதருக்குப் புற்று விளைவிக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே பிரிவு. 2009-இல் கூடிய நிபுணர் குழு அந்த முடிவை உறுதி செய்தது. பத்து தொழிலாளர் கூட்டங்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஸ்டீன்லாந்தும் பிறரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு 65,980 பேரை உள்ளடக்கியது. சுவாசித்த சிலிக்காவின் மொத்த அளவு கூடக்கூட நுரையீரல் புற்றுநோய் அபாயமும் கூடுவதை அது காட்டியது. புகைப்பிடிப்பவராக இருந்தால் அபாயம் மேலும் பெருகும்.

செல் மட்டத்தில் இதற்குப் பல காரணங்கள் கூடுகின்றன. துகளும் அழற்சிச் செல்களும் வெளியிடும் ஆக்சிஜன் தனி உறுப்புகள் டி.என்.ஏ.வில் பிழைகளை உண்டாக்குகின்றன. ஓயாத அழற்சி செல்களை விடாமல் பெருக வைக்கிறது. பெருகும் ஒவ்வொரு முறையும் பிழை நிலைத்துவிடக்கூடும். டி.ஜி.எஃப்-பீட்டாவின் போக்கு இங்கே விந்தையானது. தொடக்கத்தில் செல் பெருக்கத்தை அடக்கி வைக்கும் அதே காரணி, புற்று உருவான பிறகு அது பரவுவதற்குத் துணைபோகிறது. விலங்கு ஆய்வுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய எலிகளில் சிலிக்கா நுரையீரல் கட்டிகளை உண்டாக்கியது. சுண்டெலிகளில் அந்த அளவுக்கு இல்லை. அதனால்தான் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளுக்கு இவ்வளவு எடை.

இன்டர்லூக்கின்-1 பீட்டாவுக்கும் புற்றுக்கும் உள்ள உறவு, இதய நோய் ஆய்வு ஒன்றில் எதிர்பாராமல் வெளிப்பட்டது. மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் இந்தத் தூதுப் புரதத்தை முடக்கும் கனகினுமாப் மருந்தைச் சோதித்தார் இதய நோய் ஆய்வாளர் பால் ரிட்கர். 2017-இல் முடிவுகள் வெளியானபோது, மிக உயர்ந்த அளவு மருந்து பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 77 விழுக்காடு குறைந்திருந்தது தெரியவந்தது. மருத்துவ உலகம் பெரிதும் எதிர்பார்த்தது. ஏற்கெனவே நுரையீரல் புற்று வந்தவர்களிடம் அதே மருந்தைப் பரிசோதித்த அடுத்தடுத்த பெரிய ஆய்வுகள் தோல்வியில் முடிந்தன. புற்று வேர்விடும் முன் அந்தச் சமிக்ஞையை அடக்கினால் பயன் இருக்கலாம். வேர்விட்ட பின் அதற்கு வேறு பாதைகள் கிடைத்துவிடுகின்றன என்றே இந்த முடிவுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று நோய்களும் ஒரே சமிக்ஞை வலையில் பின்னிக் கிடப்பதற்கு நின்டெடானிப் என்ற மருந்து நல்ல சான்று. வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகளில் உள்ள கைனேஸ் நொதிகளை முடக்கும் இந்த மருந்து, புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டது. காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் தழும்பு நோய்க்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019-இல் ஸ்கிளிரோடெர்மாவால் வரும் நுரையீரல் பாதிப்புக்கும் அனுமதி கிடைத்தது. நோயின் வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. படிந்த தழும்பைக் கரைப்பதில்லை, உள்ளிருக்கும் துகளை வெளியேற்றுவதும் இல்லை. சிலிக்கோசிஸைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

காசநோய் என்ற முகமூடி

இந்தியாவில் இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயம் உண்டு. காசநோய்க் கிருமியைக் கொல்ல வேண்டிய அதே மேக்ரோஃபேஜ்களைத்தான் சிலிக்கா முடக்குகிறது. ஆகவே சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல். இருமல், மெலிவு, எக்ஸ்ரேயில் நிழல் என இரண்டின் அடையாளங்களும் ஒத்திருப்பதால், தொழிலைக் கேட்காத இடத்தில் சிலிக்கோசிஸ் காசநோயாகவே கணக்கில் ஏறுகிறது. சளியில் கிருமி இல்லாமலே ஒருவர் திரும்பத் திரும்பக் காசநோய் மாத்திரை சாப்பிடும் நிலையும் வருகிறது. 2021-இல் நடுவண் அரசு வெளியிட்ட காசநோய்த் தடுப்பு சிகிச்சை வழிகாட்டுதலில் சிலிக்கோசிஸ் உள்ளவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பயன் ஒருவருக்குக் கிடைக்க வேண்டுமானால், அவருக்குச் சிலிக்கோசிஸ் இருப்பது முதலில் கண்டறியப்பட வேண்டும்.

சட்டத்தின் அளவும் மூச்சின் அளவும்

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சிலிக்கோசிஸ் இடம்பெற்றிருந்தது. இரண்டாம் அட்டவணை, நுரையீரலை எட்டும் தூசிக்கு உச்சவரம்பு வைத்தது: பத்தை, குவார்ட்ஸ் விழுக்காட்டோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். தூசியில் 25 விழுக்காடு குவார்ட்ஸ் இருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் 0.37 மில்லிகிராம் தூசி வரை இருக்கலாம். அதில் குவார்ட்ஸ் மட்டும் சுமார் 0.09 மில்லிகிராம். அமெரிக்கா 2016-இல் கொண்டுவந்த வரம்பு 0.05 மில்லிகிராம். நம் சட்டம் வைத்த வரம்பு அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. எட்டு மணி நேர உழைப்பில் ஒருவர் சுமார் பத்து கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். அப்படியானால் அமெரிக்க வரம்பின்படி ஒரு நாளைக்கு உள்ளே போகும் குவார்ட்ஸ் அரை மில்லிகிராம். விரல் நுனியில் எடுத்தால் கண்ணில் பட்டும் படாத அளவு.

தொழிற்சாலைகள் சட்டம் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேர், இல்லாத இடத்தில் இருபது பேர் வேலை செய்தால்தான் பொருந்தும் என்று எழுதப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபது, நாற்பது என்று உயர்த்தியிருக்கிறது. பீங்கான் தொழிலில் குடும்பமாகவும் நாலைந்து பேராகவும் நடத்தும் பட்டறைகள் நிறைய. ஆள் குறைவாக இருப்பதால் அங்கே தூசி குறைவாக இருப்பதில்லை. பெரிய ஆலையில் இருக்கும் உறிஞ்சு கருவி அங்கே இல்லை என்பதால் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

அலட்சியத்தின் விலையை இந்தியா ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. குஜராத்தின் குவார்ட்ஸ் அரைப்பு ஆலைகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி இறந்த மத்தியப் பிரதேசப் பழங்குடித் தொழிலாளர்கள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. ராஜஸ்தான் 2019-இல் தூசி நோய்களுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. நோய் உறுதியானதும் மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், மாத ஓய்வூதியம் என அது ஏற்பாடு செய்தது. தமிழ்நாட்டிலும் கல்குவாரி, கல் உடைப்பு, பீங்கான், வார்ப்படம் என்று சிலிக்கா தூசி பறக்கும் தொழில்கள் மாநிலம் முழுக்க இருக்கின்றன.

செய்யக்கூடியது

தூசியை அடக்கினால் நோய் ஓயும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலக் கருங்கல் பட்டறைகளில் 1930-களின் இறுதியில் தூசி உறிஞ்சும் கருவிகள் பொருத்தப்பட்டன. அதற்குப் பின் வேலையில் சேர்ந்தவர்களிடம் சிலிக்கோசிஸ் அரிதாகிப்போனது. இங்கிலாந்தின் பீங்கான் தொழிலில் சூளையில் அடுக்கப் பயன்பட்ட தீக்கல் தூளுக்குப் பதிலாக அலுமினா வந்தது. சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லால் இளம் தொழிலாளர்கள் சிலிக்கோசிஸுக்கு ஆளானதும், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது.

பீங்கான் பட்டறையில் தூசி எழும் இடங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை. மூட்டை பிரிக்கும் இடம் ஒன்று. அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த பொம்மையின் பிசிறைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் தேய்க்கும் இடம் இன்னொன்று. குனிந்து தேய்ப்பவரின் மூக்குக்கும் பொம்மைக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இருப்பதில்லை. மாலையில் தரையை விளக்குமாற்றால் பெருக்குவது மூன்றாவது. நாள் முழுக்க அடங்கிய தூசி ஒரே நேரத்தில் எழும்பும். வாயில் கட்டிய துண்டு நுண்துகளைத் தடுக்காது. பிசிறை ஈரம் இருக்கும்போதே ஸ்பாஞ்சால் நீக்குவது, தேய்க்கும் மேசையோடு உறிஞ்சு விசிறி பொருத்துவது, பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது, தவிர்க்க முடியாத வேலைக்கு என்-95 முகக்கவசம் தருவது எல்லாம் சிறு பட்டறைக்கும் கட்டுப்படியாகும் செலவுதான்.

அரசும் மருத்துவத் துறையும் செய்ய வேண்டியவை உண்டு. விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கு இருமலோடு வருபவரானாலும், விரல் வெளுப்போடு வருபவரானாலும், என்ன தொழில், எத்தனை ஆண்டு என்ற இரண்டு கேள்விகள் சீட்டிலேயே பதிவாக வேண்டும். பட்டறை சிறிதோ பெரிதோ, அங்கே வேலை செய்வோருக்கு ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் செய்ய வேண்டும். கண்டறியப்பட்டவர் காசநோய்ப் பரிசோதனைக்கும் தன்னெதிர்ப்பு நோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பப்பட வேண்டும். பீங்கான் தொழில்நுட்பம் பயிலும் மாணவருக்கு மெருகும் சூளை வெப்பமும் பாடமாக இருப்பதுபோல், தூசி அளவையும் பாடமாக வேண்டும். ராஜஸ்தானைப் போல ஒரு கொள்கையைத் தமிழ்நாடு வகுக்கத் தடையேதும் இல்லை.

செல்லுக்குள் எழும் சமிக்ஞையை ஏற்பி ஏற்பியாக, புரதம் புரதமாக ஆராய்ந்த அறிவியல் கடைசியில் வந்து சேரும் முடிவு இதுதான்: எழுந்துவிட்ட சமிக்ஞையை நிறுத்த இன்னும் மருந்தில்லை, அதை எழாமல் தடுக்கத் தண்ணீரும் விசிறியும் போதும். அந்தச் செலவை முதலாளியும் அரசும் ஏற்க வேண்டும். தொழிலாளியின் நுரையீரல் அதை ஏற்கக் கூடாது.